மேளம் நிற்கும் நேரம்

ஐயா,

இதை நேரில் சொல்லிவிடலாம் என்றுதான் போன ஞாயிறு முழுக்க உன் பின்னாலேயே சுற்றினேன். நீ மண்டபத்துக்காரருக்கு ஒரு போன், சமையல்காரருக்கு ஒரு போன் என்று வீட்டுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தாய். சாயங்காலம் ஆனதும் சிங்கப்பூர் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டாய். வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால், நான் எத்தனை முழம் எழுதினாலும் நீ ஒரு கட்டைவிரலைக் காட்டி அனுப்புகிறவன். அதனால்தான் பேனாவை எடுத்தேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். நடுவில் உன் அம்மா இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறாள். கல்யாண வீட்டில் உட்கார்ந்து என்ன எழுதுகிறேன் என்று அவளுக்குச் சந்தேகம்.

மண்டபத்துக்காரரிடம் நீ சொன்னது என் காதில் விழுந்தது. "மேளம் வேணாம் அங்கிள். நாதஸ்வரம் ரெக்கார்டிங் கொண்டாறேன், சத்தத்தக் கொறைச்சு வச்சுக்கலாம் லா. அப்பாவுக்கு ஹார்ட் சரியில்ல." அவர் என்ன பதில் சொன்னாரோ தெரியாது, நீ ஏதோ சமாதானம் சொல்லிச் சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மெர்லிமாவ் வட்டாரத்தில் உறுமி மேளம் என்றால் உன் குழுவைத்தான் கூப்பிடுவார்கள் என்று ஒரு காலம் இருந்தது. அப்படிப்பட்டவன் தன் கல்யாணத்தில் மேளமே வேண்டாம் என்கிறான், அதுவும் எனக்காக. உன் கல்யாணத்தில் மேளம் அடிக்க வேண்டும் ஐயா. மண்டபம் அதிரும்படி அடிக்க வேண்டும். இதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம். ஏன் கேட்கிறேன் என்று சொல்லாமல் கேட்டால் நீ ஒத்துக்கொள்ள மாட்டாய், அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

நீ ஐந்தாம் படிவத்தில் படித்துக்கொண்டிருந்தாய். நான் தோட்டங்களிலும் தாமான் குடியிருப்புகளிலும் இருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு மலாக்காவுக்குப் போகும் பேக்டரி பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். காலை ஷிப்டு. என் இருக்கைக்குப் பின்னால் எப்போதும் செல்லம்மா அக்காதான் உட்காருவார். ரேடியோவில் என்ன பாட்டு வந்தாலும் அதில் ஒரு குறை சொல்லாமல் அவருக்குப் பொழுது விடியாது. அன்றைக்கும் ஏதோ சொல்லிக்கொண்டுதான் வந்தார். வளைவில் எதிரே வந்த மணல் லோரி வழுக்கி எங்கள் பக்கம் வந்துவிட்டது. பஸ் பள்ளத்தில் சாய்ந்து கிடந்தது. என் கால் ஸ்டியரிங்குக்குக் கீழே மாட்டிக்கொண்டது, திரும்பிப் பார்க்கவும் முடியவில்லை. பின்னால் இருந்தவர்கள் வெளியே வரமுடியாமல் பஸ்ஸின் தகரத்தைக் கையால் அடித்தார்கள். செல்லம்மா அக்கா பிழைக்கவில்லை. மற்ற எல்லோரும் பிழைத்தார்கள். இதுவரைக்கும் உனக்குத் தெரியும்.

கால் சீக்கிரமே ஆறிவிட்டது. நெஞ்சுதான் ஆறவில்லை. சும்மா சாப்பிட்டுக்கொண்டிருப்பேன், யாரோ துரத்துவது போல இதயம் அடிக்க ஆரம்பித்துவிடும். கை குளிர்ந்துபோகும், இடது தோள் வலிக்கும், செத்துவிடப் போகிறேன் என்று நிச்சயமாகத் தெரியும். நீயும் அம்மாவும் என்னை அள்ளிப்போட்டுக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுவீர்கள். இசிஜி நன்றாக இருக்கும், நான் நன்றாக இருக்க மாட்டேன். இப்படிப் பல தடவை போய்வந்த பிறகு, வெறும் பயமாக இருந்தது நிஜ நோயாகவே ஆகிவிட்டது. ரத்த அழுத்தம் ஏறி, ஏறின இடத்திலேயே உட்கார்ந்துகொண்டது. இதயத்துக்குப் போகும் குழாய் ஒன்றில் அடைப்பு ஆரம்பித்திருக்கிறது என்றார்கள். பஸ் சாவியை முதலாளியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, பள்ளிக்கூடத்துக் கேட்டில் பாதுகாவலர் வேலைக்குப் போனேன்.

அதிலிருந்து என்னை நீங்கள் எல்லோரும் கண்ணாடிச் சாமான் மாதிரிப் பார்த்துக்கொண்டீர்கள். டிவி செய்தியில் விபத்து என்ற சொல் வருவதற்குள் அம்மா சேனலை மாற்றிவிடுவாள். அவள் விரலுக்கு இருந்த வேகம் அந்தச் செய்தி வாசிப்பவருக்கு இல்லை. மலாக்காவுக்குப் போகவேண்டும் என்றால் அந்த வளைவு வேண்டாம் என்று நீ ஜாசின் வழியாகச் சுற்றி ஓட்டுவாய். கேட்டால் "இந்தப் பக்கம் ஜேம் கம்மிப்பா" என்பாய். பூண்டும் இஞ்சியும் எலுமிச்சையும் கலந்து ஒரு கஷாயம், குடித்தால் அடைப்பு கரையும் என்று யாரோ சொன்னார்கள். அதைக் குடித்ததில் என் அருகில் வந்து உட்காருகிறவர்கள்தான் கரைந்துபோனார்கள். செல்லம்மா அக்காவின் பெயரை வீட்டில் யாரும் எடுப்பதில்லை. நானும் எடுப்பதில்லை.

அடுத்த வருடம் மாரியம்மன் கோயில் திருவிழா வந்தது. உறுமி சத்தம் என் நெஞ்சுக்கு ஆகாது, தகரத்தை அடித்த சத்தம் நினைவுக்கு வரும் என்று நீ கணக்குப் போட்டாய். யாரும் சொல்லித் தரவில்லை, நீயாகவே யோசித்தாய். ரதம் நம் லோரோங் சந்தின் முனைக்கு வந்ததும் நீ கையைத் தூக்கினாய். மொத்தக் குழுவும் சட்டென்று நிறுத்தியது. நம் வீட்டைத் தாண்டும்வரை ஒரு தட்டல்கூட இல்லை. சாமி போகிறது, ஜனம் போகிறது, செருப்புச் சத்தம் மட்டும் கேட்கிறது. அக்கம்பக்கத்தினர் எல்லோரும் அதை மெச்சினார்கள். எந்தப் பிள்ளை அப்பனுக்காகச் சாமி மேளத்தை நிறுத்துவான் என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதற்கப்புறம் வருடா வருடம் அதுவே வழக்கமாகிவிட்டது. கோயில் கமிட்டியே முன்கூட்டி அறிவிக்கும் அளவுக்கு வந்துவிட்டது.

நான் உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். மேளம் தூரத்தில் வரும்போது ஒன்றும் ஆகாது. நின்றதும் எனக்கு மூச்சு நின்றுவிடும். மூன்றாவது வருடம் நாற்காலியோடு சரிந்தேன். ஆம்புலன்சில் போனது உனக்கு மறந்திருக்காது. முனையில் மேளம் நிறுத்துவதற்கு முன் கேட்ட சத்தமே என்னைச் சாய்த்துவிட்டது என்று நீ முடிவு கட்டிக்கொண்டு, அந்த வாரமே உறுமியைக் கோயிலில் கொடுத்துவிட்டு வந்தாய். நான் ஏன் தடுக்கவில்லை என்று கேட்காதே. எனக்கே அப்போது தெரியாது. சத்தம்தான் எதிரி என்று நானும் நம்பினேன்.

இதய டாக்டர், சின்ன வயதுதான் இருக்கும், மலாய்ப் பெண், ஒருநாள் ரிப்போர்ட்டை மூடிவைத்துவிட்டு, மாமாவைக் கூப்பிடுவது போல பாக்சிக் என்று கூப்பிட்டு, எப்படித் தூங்குகிறீர்கள் என்று கேட்டார். இத்தனை வருடத்தில் அப்படி யாரும் கேட்டதில்லை. தூங்குவதில்லை என்றேன். ஏன் என்றார். ஒரு விபத்து என்று ஆரம்பித்தேன், அதற்கு மேல் வாய் வரவில்லை. அவர் அவசரப்படுத்தவில்லை. ஆபத்து முடிந்துவிட்டது என்று உடம்புக்கு யாராவது சொல்லவேண்டும், சொல்லாவிட்டால் இதயம் லீவே இல்லாமல் ஓவர்டைம் பார்த்துக்கொண்டே இருக்கும், நான் கொடுக்கும் மாத்திரை ஒரு பக்கம் இழுக்க உங்கள் பயம் மறுபக்கம் இழுக்கிறது என்றார். மனநலப் பிரிவுக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்.

அந்தச் சீட்டை வாரக்கணக்கில் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். உன் அம்மாதான் துணி துவைக்க எடுத்தபோது பார்த்தாள். "நான் என்ன பைத்தியமா?" என்றேன். "பைத்தியம்னா நான் எப்பவோ அம்மா வூட்டுக்குப் போயிருப்பேன். பயந்தவரு, அவ்ளோதான். போயி பாத்துட்டு வாங்களேன், என்ன கொறஞ்சிடப்போவுது?" என்றாள். உனக்குச் சொல்லவேண்டாம் என்று நான் கேட்டுக்கொண்டதால் அவளும் சொல்லவில்லை. நீ வேறு சிங்கப்பூரில் புது வேலையில் சேர்ந்திருந்தாய். அப்பன் மனநல டாக்டரைப் பார்க்கிறான் என்று நீ அங்கே உட்கார்ந்து கவலைப்படுவாய் என்று நினைத்தேன். பார்த்தாயா, உன்னிடம் இருக்கும் இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறதா?

கடைசியில் மனநலப் பிரிவுக்குப் போனேன். அங்கே கவுன்சலிங் கொடுத்தவர் ஒரு சீன அம்மையார், ஐம்பது வயதிருக்கும். நானும் அவரும் மலாயில்தான் பேசிக்கொண்டோம். இதயத்தைச் சரிசெய்கிறேன் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது, அது டாக்டர் வேலை என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அந்த விபத்தை முதலிலிருந்து கடைசிவரை, கண்ணை மூடிக்கொண்டு, இப்போது நடப்பது போலச் சொல்லவேண்டும், மறுபடி மறுபடி சொல்லவேண்டும், அதுதான் வைத்தியம் என்றார். நல்ல வைத்தியம், புண்ணைக் கிளறுவதற்கு அரசாங்கம் சம்பளமும் கொடுக்கிறது என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டேன். ஆனாலும் சொன்னேன். மலாயில் கடகடவென்று வந்தது. மூன்று நான்கு வாரம் சொன்னேன், ஒன்றும் ஆகவில்லை, போலீசில் எழுதிக் கொடுத்த ரிப்போர்ட்டை ஒப்பிப்பது போல இருந்தது.

அவருக்கும் அது தெரிந்துவிட்டது. ஒருநாள், வீட்டில் நீங்கள் பேசுகிற பாஷையில் சொல்லுங்கள் என்றார். உங்களுக்குத் தமிழ் தெரியுமா என்று கேட்டேன். ஒரு சொல்கூடத் தெரியாது என்றார். புரியாதவரிடம் எதற்குச் சொல்வது என்று எனக்குச் சிரிப்பாக வந்தது. அவர் சிரிக்கவில்லை. நாடித்துடிப்பு காட்டுமே, விரலில் மாட்டுகிற அந்தச் சின்னக் கிளிப்பை என் விரலில் மாட்டினார். கைத்தொலைபேசியில் பதிவு செய்ய வைத்தார். நான் தமிழில் ஆரம்பித்தேன். செல்லம்மா அக்கா பாட்டைக் குறை சொன்னதிலிருந்து ஆரம்பித்தேன். அந்தப் பெயரை அத்தனை வருடம் கழித்து அப்போதுதான் சத்தமாகச் சொன்னேன். சொன்னதும் அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே கடைசிவரை சொன்னேன்.

முடித்ததும் அவர் தண்ணீர் கொடுத்தார். பிறகு பதிவை ஓட்டி, ஓரிடத்தில் நிறுத்தி, இந்த இடத்தில் என்ன சொன்னீர்கள் என்று கேட்டார். மொழி புரியாததால் அவர் என் முகத்தையும் அந்தக் கிளிப்பில் ஓடிய எண்ணையும்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். லோரி மோதிய இடத்தில் எண் ஏறியது. தகரத்தை அடித்த இடத்தில் ஏறவில்லை, கொஞ்சம் இறங்கக்கூடச் செய்தது. அப்புறம் ஒரு வாக்கியத்தில் எகிறிவிட்டது. அவர் நிறுத்திய இடத்தை நான் மறுபடி ஓட்டிக் கேட்டேன். என் குரல்தான். "அடிச்சிக்கிட்டே இருந்தாங்க. அப்புறம் சத்தம் நின்னுப்போச்சு."

பஸ்ஸின் பின்னால் அடிக்கிற வரைக்கும் அவர்கள் உயிரோடு இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும் ஐயா. அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் நான் இருந்தேன். நின்றதும், போய்விட்டார்கள், எல்லோரும் போய்விட்டார்கள் என்று நினைத்தேன். உண்மையில் அது நின்றதற்குக் காரணம், வழியில் போன மோட்டார்சைக்கிள்காரர்கள் பின்கண்ணாடியை உடைத்து அவர்களை வெளியே எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் எனக்கு அதைச் சொன்னார்கள், நானும் தலையாட்டினேன். தலைக்குப் புரிந்தது, நெஞ்சுக்குப் போய்ச் சேரவில்லை. அந்த அறையில்தான் அது போய்ச் சேர்ந்தது. சத்தம் நின்ற அந்த நேரத்தில் ஒவ்வொரு பெண்ணாக வெளியே வந்துகொண்டிருந்தார்கள். செல்லம்மா அக்கா அதற்கு முன்னாலேயே போய்விட்டார், அந்தத் துக்கம் துக்கம்தான், அதை யாராலும் எடுக்க முடியாது. ஆனால் மற்றவர்கள் எல்லோரையும் சேர்த்து இத்தனை வருடம் நான் சாகடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இப்போது நீ என்ன நினைக்கிறாய் என்று எனக்குத் தெரியும். வருடா வருடம் லோரோங் முனையில் கையைத் தூக்கியது நீ. நெஞ்சில் அடித்துக்கொள்ளாதே. உனக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது, அந்தக் கிளிப் சொல்லும்வரை யாருக்கும் தெரியாது. ஒரு பிள்ளை தன் அப்பனுக்காக ஊர்த் திருவிழாவையே அடக்கிவைத்தான் என்பது எனக்கு இன்றைக்கும் பெருமைதான். யாராவது உன்னைக் குறை சொன்னால் சண்டைக்குப் போவேன். இதை உன்னிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தே இரண்டு மாதத்தைக் கழித்தேன். சொல்லாமலே விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன், ஆனால் சொல்லாவிட்டால் நீ ரெக்கார்டிங்கைக் கொண்டுவந்துவிடுவாய்.

அந்தப் பதிவைத் தினமும் வீட்டில் போட்டுக் கேட்க வேண்டும் என்பது எனக்குக் கொடுத்த வீட்டுப்பாடம். முதல் நாள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன். கதவுக்கு வெளியே அம்மா நின்றிருக்கிறாள். மறுநாள் உள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டு வெங்காயம் உரித்தாள். வெங்காயம் ஒரு நல்ல சாக்கு, இரண்டு பேரும் அழுதோம். ஒரு வாரம் போனது, இரண்டு வாரம் போனது. ஒருநாள் பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே அம்மா, "செல்லம்மாக்கா அந்தப் பாட்டையா கொற சொன்னாங்க? அது நல்ல பாட்டாச்சே" என்றாள். நான் ஆமாம் என்று சிரித்துவிட்டேன். அன்றைக்கு மத்தியானம் நாற்காலியிலேயே வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டேனாம். அம்மா என்னை எழுப்பவில்லை.

போன மாதம் இதய டாக்டரிடம் போனேன். ரத்த அழுத்தத்தை எடுத்துவிட்டு, சந்தேகப்பட்டு மறு கையிலும் எடுத்தார். இறங்கியிருக்கிறது. சும்மா இருக்கும்போது இதயம் அடிக்கும் வேகமும் குறைந்திருக்கிறது. கவுன்சலிங்கால்தானே என்று சின்னப் பிள்ளை மாதிரிக் கேட்டேன். அவர் நேர்மையான பெண். அது மட்டும்தான் என்று என்னால் சொல்ல முடியாது பாக்சிக், நீங்கள் இப்போது தூங்குகிறீர்கள், நடக்கிறீர்கள், மாத்திரையையும் ஒழுங்காகப் போடுகிறீர்கள், எல்லாம் சேர்ந்து இருக்கலாம், இதைப் பற்றி இன்னும் ஆராய்ந்துகொண்டுதான் இருக்கிறார்கள் என்றார். அடைப்பு இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது. ஒரு மாத்திரையின் அளவைக் குறைத்தார், மற்றது தொடர்கிறது. நான் வெளியே வந்து உன் அம்மாவுக்கு ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்தேன், எனக்கு வாங்கிக்கொள்ளவில்லை. திருப்தியா?

இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் உன் பழைய குழு பயிற்சி செய்கிற பேட்மிண்டன் மைதானத்துக்கு நானும் அம்மாவும் போனோம். என்னைக் கண்டதும் எல்லோரும் உறுமியைக் கீழே வைத்துவிட்டார்கள். "அண்ணன் சொல்லியிருக்காரு அங்கிள். நீங்க வந்தா அடிக்கக் கூடாதாம்." "அவனோட அப்பன் சொல்றேன், அடிங்கடா. நடுவுல நான் கையத் தூக்குனா சட்டுன்னு நிறுத்தணும்" என்றேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், அப்புறம் அடித்தார்கள். காலுக்குக் கீழே சிமெண்ட் அதிர்ந்தது. நான் கையைத் தூக்கினேன். நின்றது. இதயம் வாய்வரைக்கும் வந்தது, மறைக்கமாட்டேன். ஓடவில்லை, உட்காரவில்லை, நின்றேன். அம்மா பக்கத்தில் கச்சான் கடலை மென்றுகொண்டிருந்த சத்தம் கேட்டது. எங்கேயோ ஒரு மோட்டார்சைக்கிள் போனது. ஒரு பையன், "அங்கிள், ஓக்கேவா?" என்றான். இதயம் ஏறின மாதிரியே இறங்கியது. மறுபடி அடிங்கடா என்றேன். அன்றைக்கு அவர்கள் கை வலிக்க அடித்தார்கள், நான் கை வலிக்கத் தூக்கினேன்.

கல்யாணம் ஆகப்போகிறவனுக்குப் புத்தி சொல்லாமல் விட்டால் நான் என்ன அப்பன்? உன்னைக் கட்டிக்கொள்ளப்போகிற பெண்ணுக்கு ஏதாவது வலி இருந்தால், இது அவளுக்கு ஆகாது என்று நீயாக முடிவு செய்துகொண்டு வீட்டை அடக்கிவைக்காதே. எது வலிக்கிறது என்று கேள். பதில் உடனே வராது, உட்கார்ந்து கேள். உனக்கு ஏதாவது வந்தால் அவளுக்குத் தெரியவேண்டாம் என்று சட்டைப் பையில் மறைக்காதே. நம் வீட்டு ஆண்களுக்கு இது ஒரு வியாதி. அடிக்கடி நெஞ்சு படபடத்தால் டாக்டரைப் பார், டாக்டர் நெஞ்சில் ஒன்றுமில்லை என்றால் அதோடு விட்டுவிடாமல் அடுத்த கதவையும் தட்டு.

மண்டபத்துக்காரரிடம் நானே பேசிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. வாசலில் உன் குழு, மேடையில் தவிலும் நாதஸ்வரமும். தாலி கட்டும்போது கெட்டிமேளம் முழங்கும். நீ கட்டி முடித்ததும் மேளம் நிற்கும், மண்டபமே ஒரு கணம் அடங்கும். அந்த நேரத்தில் உன் தலை தானாக என் பக்கம் திரும்பும், அப்பா எப்படி இருக்கிறார் என்று பார்க்க. இத்தனை வருடமாக அப்படித்தான் என் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் அங்கேதான், நன்றாகத்தான் நின்றுகொண்டிருப்பேன். நீ திரும்பாதே. அவளைப் பார்.

உன் அப்பா